சேலத்தில் நடப்பவர்களை எண்ணப் போனபோது யாரும் எனக்குச் சொல்லாதவை

நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சென்னையில் ஒருவர் சொன்னால், கூட உட்கார்ந்து பேச நாலு பேராவது கிடைப்பார்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த ஊர். பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காகத் தெருவையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். சேலத்தில் நான் ஆரம்பித்தபோது எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. நெறியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய துறை பாலமும் கான்கிரீட்டும். உதவித்தொகை இல்லாத பகுதிநேர ஆராய்ச்சி என்பதால் எல்லாச் செலவும் என் சம்பளத்திலிருந்துதான். கைக்காசு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கமாகப் போயிருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு வருடம் பலனில்லாமல் கழிந்தது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். சேலம், ஈரோடு, வேலூர் மாதிரி ஊரில் இருந்துகொண்டு இதே வேலையைத் தனியாகத் தொடங்கப்போகும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சிக்கலானதில்லை. குகை, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி பக்கமிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் தினமும் நடந்தும் மிதித்தும் வந்துபோகிறவர்களுக்கு இந்த ஊர்த் தெருக்கள் என்ன இடம் கொடுக்கின்றன? 2016-ல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. 2020 ஜூனில் ஐந்து ரோடு வழியாக ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். பாலம் வந்த பிறகு காரில் போகிறவர்களுக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஊரே பேசியது. பாலத்துக்குக் கீழே சாலையைக் கடக்கிறவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மனிதர்கள் போய்வருவதுதான் முக்கியம், வண்டிகள் அதற்கு அடுத்தபடி என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. அந்த வரியை நம்பித்தான் இறங்கினேன்.

முதலில் எல்லோரும் கைகாட்டுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. 2011 கணக்கெடுப்பில் பி-28 என்றொரு அட்டவணை உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள், நடந்தா, சைக்கிளிலா, பைக்கிலா, பஸ்ஸிலா என்று அதில் இருக்கும். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆசையோடு திறந்தேன், தலைப்பைப் படித்ததும் மனசு சுருங்கிவிட்டது. அது 'இதர தொழிலாளர்கள்' பற்றிய அட்டவணை. பயிர் செய்பவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் ஆகிய மூன்று வகையினரும் அதில் சேர்த்தி இல்லை. சேலத்துக்கு இதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே சொந்தத் தறி போட்டு நெய்கிற குகைக் குடும்பங்கள் அதில் இல்லை. வீட்டில் வைத்துக் கொலுசு வேலை பார்க்கிற குடும்பங்களும் இல்லை. நூல் வாங்க, நெய்ததைக் கொண்டுபோய்ப் போட, கூலி வாங்க என்று அவர்கள் வாரம் முழுக்க நடக்கிறார்கள். என் அப்பா வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் இருந்தவர், எங்கே போனாலும் சைக்கிள்தான். அவரும் அந்த அட்டவணைக்கு வெளியே. பிள்ளையைப் பள்ளியில் விட, ரேஷன் கடைக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று பெண்கள் போகிற நடை எதுவும் அதில் வராது, ஏனென்றால் அது வேலைக்குப் போகிற பயணத்தை மட்டும் கேட்கிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால் ரொம்பப் பேர் இன்னும் இதே எண்களை வைத்துத்தான் வரைபடம் போடுகிறார்கள். பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் பக்கத்திலேயே இதில் யார் யார் இல்லை என்று எழுதிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.

சாலைகளில் எடுக்கும் போக்குவரத்துக் கணக்கு இன்னொரு ஏமாற்றம். இந்தக் கணக்கில் எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றுவார்கள். கார் என்றால் ஒன்று, பஸ் என்றால் இரண்டுக்கு மேல், சைக்கிள் என்றால் ஏறக்குறைய அரை. அறுபது பேரை ஏற்றிவரும் டவுன் பஸ்ஸின் மதிப்பு ஒன்றிரண்டு பேர் வரும் இரண்டு மூன்று கார்களின் மதிப்புதான். நடந்து போகிறவருக்கு அதில் எண்ணே கிடையாது. சாலை அகலமாக்கும் முடிவுகளெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. அந்தப் படிவத்தை முதல்முறை கையில் வாங்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நடப்பவர்களை நாமே எண்ணினால்தான் உண்டு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போட்டேன். விதிப்படி 30 நாளில் பதில் வரவேண்டும். வந்த பதில் 'தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் தொகுக்கப்படவில்லை'. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், செய்தேன், மறுபடி காத்திருந்தேன். கடைசியில் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழுத்தர் ஒருவர்தான் பரிதாபப்பட்டு வழி சொன்னார்: "மேடம், கேள்வியாக் கேட்டா இல்லைன்னுதான் எழுதுவோம். எந்தக் கோப்பு வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க." அதன்படி இன்ன சாலை வேலைக்கான விரிவான திட்ட அறிக்கை, அதன் போக்குவரத்துக் கணக்குப் பின்னிணைப்பு, ஒப்பந்தப்புள்ளி வரைபடம் என்று பெயர் சொல்லிக் கேட்டதும் கிடைத்தது. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மனுவிலேயே அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். நகலில் வராத வரைபடங்களெல்லாம் நேரில் போனால் கண்ணில் படும்.

வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்பில்தான் எனக்குப் பெரிய அடி. தனியாளாக முந்நூறு நானூறு வீடு ஏற முடியாது என்று ஒரு சர்வே நிறுவனத்திடம் கொடுத்தேன். முன்பணமும் பாக்கியுமாக 65,000 ரூபாய் கொடுத்தாயிற்று. சொன்ன தேதிக்குப் படிவங்களெல்லாம் அழகாக வந்து சேர்ந்தன. புரட்டிப் பார்த்தால் பதில் சொன்னவர்களில் பெரும்பாலும் ஆண்கள், வயதெல்லாம் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிறது, தொடர்ச்சியாகப் பத்து வீட்டில் ஒரே பதில். படிவத்தில் இருந்த எண்களுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "யாரும் வரலைங்களே" என்றார்கள். சில எண்கள் வேறு மாவட்டத்தில் எடுத்தன. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதே பெரிய பாரமாக இருந்தது. பணம் திரும்ப வரவில்லை. 'களப்பணி முடிந்தது' என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்ததால் வழக்கறிஞரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இனி யார் வெளியாளிடம் கொடுத்தாலும் இந்த நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். மூலப் படிவங்கள் தினமும் கைக்கு வரவேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு நாமே திரும்பப் போய்ப் பார்ப்போம், அதில் பொய் இருந்தால் அந்த நாள் வேலைக்குக் கூலி கிடையாது. வீட்டில் பெண் ஒருவரிடம் தனியாகப் பேசவேண்டும். பணம் மூன்று தவணைக்குக் குறையாமல் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

அதன் பிறகு என் கையைத் தூக்கிவிட்டது எங்கள் தெரு மகளிர் குழுதான். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசினோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை. அவர்கள் என் படிவத்தைப் பார்த்த உடனேயே குறை சொன்னார்கள். 'நீங்கள் எந்த வாகனத்தில் பயணம் செய்கிறீர்கள்' என்று நான் கேட்டிருந்தேன். "இதக் கேட்டா எங்க மாமியார் நான் எங்கயும் போறதில்லைன்னுதான் சொல்லும்" என்றார் குழுத் தலைவி அக்கா. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் நேற்று வாசலைத் தாண்டி எங்கெல்லாம் போய்வந்தீர்கள், கையில் என்ன இருந்தது, கூட யார் வந்தார்கள் என்று வரிசையாகக் கேட்கும்படி மாற்றினோம். எங்கும் போவதில்லை என்று சொல்லியிருக்கக்கூடிய அதே பாட்டிகள் ஒரு நாளில் ஐந்தாறு நடை சொன்னார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு, அரிசிப் பையோடு ரேஷன் கடையிலிருந்து, சாயங்காலம் கோயிலுக்கு. இன்னொன்றும் இதில்தான் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் நிற்கிற ஸ்டாப்பைத் தேடி முன்பைவிட அதிக தூரம் நடக்கிறோம் என்று பல பெண்கள் சொன்னார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு மிச்சம், ஆனால் வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் விளக்கில்லாத, சாக்கடை மூடி இல்லாத தெருவில்தான் நடை. இலவச பஸ்ஸைப் பற்றி ஆராய்கிறவர்கள் பஸ்ஸுக்குள் மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள்.

அப்புறம் தெருவில் நின்று எண்ணுகிற வேலை. காலை எட்டு முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஏழு என்று பாடப்புத்தகம் சொல்லும். அது அலுவலகத்துக்குப் போகிறவர்களின் நேரம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் பெண்கள் வருவது இருட்டு விலகும் முன்பே. பங்களாக்களுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே நடந்துவிடுகிறார்கள். லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேறு நேரம். ஆகவே முதல் தடவை விடிவதற்கு முன்னாலிருந்து ராத்திரி வரைக்கும் முழு நாள் ஒன்றைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக எண்ணிவிட்டு, அப்புறம் உங்கள் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர், தலைச்சுமையோடு போகிறவர், கைத்தடி அல்லது சக்கர நாற்காலி என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். சாதாரண நாளும் வேண்டும், சந்தை நாளும் வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் எண்ணியதைத் தனியாக வையுங்கள், மற்ற நாளோடு கலந்தால் எல்லாம் பாழ்.

விடியற்காலையில் பெண்ணாகத் தனியாகத் தெருமுனையில் நிற்பது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. குடித்துவிட்டு வந்த ஒருவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றான். ரோந்து வந்த போலீஸ்காரர் என்னைத்தான் விசாரித்தார். அதற்குப் பிறகு கல்லூரிக் கடிதத்தோடு காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புகையின் நகலைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். டீக்கடை திறந்திருக்கிற மூலையைப் பார்த்து நின்றேன். கூட ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து அழைத்துப்போனேன். இந்தச் செலவை ஆராய்ச்சி பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. நடைபாதை அகலத்தை அளக்க டேப்பை விரித்த முதல் நாள், பூக்கட்டுகிற ஒரு அம்மா கூடையை அவசர அவசரமாக இழுத்து வைத்தார். "டேப்பு எடுத்துட்டு வந்தாலே எங்களத் தூக்கத்தான் வர்றாங்க கண்ணு" என்றார். நான் விளக்கம் சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. நடப்பவர்களுக்காகச் செய்கிற ஆராய்ச்சி அந்த நடைபாதையில் பிழைக்கிறவருக்கு மிரட்டலாகத் தெரிகிறதே என்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சாலைகளுக்கு விதிமுறை எழுதும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்கிற வழிகாட்டுதல், நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்கவேண்டும் என்கிறது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுத்து முடிக்கும் முன் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் வரைபடம் போடக்கூடாது. நான் போட்ட முதல் வரைபடத்தில் ஒவ்வொரு கடையும் புள்ளியாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் "இந்த ஆக்கிரமிப்பு லிஸ்ட் நமக்கு உபயோகப்படுமே, ஒரு காப்பி கொடுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து புள்ளிகளை எடுத்துவிட்டு, எங்கெங்கே எவ்வளவு அகலம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் மறுபடி வரைந்தேன். அகலத்தைக் குறைத்தவை எவை என்று பிரித்துப் பார்த்தபோது டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, நிறுத்திய பைக், கடைக்கு ஏறப் போட்ட சாய்தளம் இவைதான் முன்னால் நின்றன, பூக்கூடைகள் அதற்குப் பின்னால்தான். இருட்டில் அந்தத் தெருவில் எனக்குத் துணையாக இருந்ததும் அந்தப் பூக்கார அம்மாக்கள்தான். ஒருவர் பிழைப்பு நிற்கும் இடத்தைப் படம் எடுக்கும்போதும் குறிக்கும்போதும், அது யார் கைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் பற்றி எழுத, கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணனோடு சேர்ந்து போனேன். அவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்பதால் அரை நாள் கூலிக்குக் குறையாமல் கொடுத்தேன், எல்லோரும் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்கவேண்டும், அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம். நாங்கள் அளந்ததில் முழங்கால் உயரத்துக்கு நின்ற இடங்களும் உண்டு, சாய்தளம் என்று இருந்தவை செங்குத்தாக இருந்தன. அண்ணன் நடைபாதைப் பக்கம் திரும்பவே இல்லை, பஸ்ஸுக்கு முன்னால் தார் ரோட்டிலேயே போனார். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர் ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் அந்த எண்தான் என் தலைக்குள் ஓடியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்காட்டுக்கும் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற அந்த மலையில், சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நடைதான் போக்குவரத்து. அங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் இருக்கும் பாதை ஏறும்போது ஒரு நேரம், இறங்கும்போது ஒரு நேரம், மழையில் வேறு நேரம். நிமிடத்தில் கேளுங்கள், ஏற்றம் இறக்கம் இரண்டையும் கேளுங்கள். நகரத்துக்கு எழுதிய படிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறினால் பாதிக் கேள்வி அங்கே பொருந்தாது.

எல்லாம் எழுதி முடித்த நேரத்தில் ஓர் ஆய்விதழ் இரண்டே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று 18,500 ரூபாய் வாங்கியது. கட்டுரையை யாரும் படித்ததற்கான அடையாளமே இல்லை, பல்கலைக்கழகம் அதை ஏற்கவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நம்பகமான ஆய்விதழ்களைச் சொல்லும் தன் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டதால் இப்போது ஒவ்வொருவரும் தாமாகத்தான் சரிபார்க்கவேண்டும். அந்த இதழில் ஏற்கனவே எழுதிய இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போட்டு, யார் படித்தார்கள், என்ன திருத்தம் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது ஆய்வேட்டை விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிக்னல். எங்கள் பக்கத்துச் சந்திப்பில் ஏறக்குறைய 14 மீட்டர் சாலையைக் கடக்கவேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் வழக்கமாக நேரம் ஒதுக்குகிறார்கள், அப்படியானால் 12 நொடி போதும். தலைச்சுமையோடு வரும் வயதான பெண்களை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும், அதற்குள் பைக்குகள் கிளம்பிவிடுகின்றன. மகளிர் குழு அக்காமார்களும் மூன்று சக்கர வண்டி அண்ணனும் நானுமாக இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தோம். 2022 விதிகளுக்குப் பிறகு வார்டுக்குள் பகுதி பகுதியாக இந்தக் கூட்டம் நடக்கவேண்டும், தேதியைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்குங்கள். அங்கே வந்திருந்த இளம் பொறியாளர் நேரில் வந்து ஒரு மணி நேரம் எங்களோடு நின்று பார்த்தார், நேரத்தை மாற்ற எழுதுகிறேன் என்றார். இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அதே தாளை எடுத்துக்கொண்டு போகிறோம், இந்த முறை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எண்ணியதையும் சேர்த்திருக்கிறோம்.